சூட்டைச் சொல்லிவிடும் மணிக்கூடு

1990களின் பிற்பகுதியில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில் பழைய வாகனம் ஒன்று இருந்தது. அதன் முன்கண்ணாடிக்குக் கீழே, சாரதியின் கண் படும் இடத்தில், சிறியதோர் இலக்க மணிக்கூடு ஒட்டப்பட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. அந்த மணிக்கூட்டிடம் விநோதமான பழக்கமொன்று இருந்தது. மாதத்துக்கு ஏறத்தாழ அரை நிமிடம் பிந்தும். சித்திரை வைகாசியில் கூடுதலாகப் பிந்தும். மார்கழி மழையில் ஏறக்குறையச் சரியாக ஓடும். ஆனால் ஒருபோதும் முந்தியதில்லை. செய்தி சேகரிக்கப் போகுமிடங்களில் நேரம் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டிய எனக்கு இது ஒரு சிறு தொல்லையாகவே இருந்தது. சாரதி பற்றறியைக் குற்றம் சொன்னார். பற்றறியை மாற்றினார். மீண்டும் பிந்தியது.

புறக்கோட்டையில் மாடிப்படியொன்றின் கீழே கடை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். சுன்னாகத்துக்காரர். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகியபடி திறந்து பார்த்தார். பின்னர் மூடித் திருப்பித் தந்தார்.

"தம்பி, இதிலை ஒரு பழுதும் இல்லை. கையிலை கட்டினால் சரியா ஓடும். வெய்யிலுக்கை விட்டால் பிந்தத்தான் செய்யும். உள்ளுக்கை கிடக்கிற கல்லுக்கு வெக்கை ஆகாது."

காசும் வாங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் சாரதி வாகனத்தை வெயிலில் நிறுத்தும்போதெல்லாம் எங்களது பத்திரிகையின் பழைய பிரதியொன்றை மடித்து அந்த மணிக்கூட்டின் மேல் போட்டுவைப்பார். பிந்துவதும் குறைந்தது. நாம் எழுதுவதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று ஆசிரியபீடத்தில் சிரித்துக்கொண்டோம்.

பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்தவன் நான். அந்தக் "கல்" என்ன, அதற்கு ஏன் வெக்கை ஆகாது என்பதையெல்லாம் அப்போது நான் விசாரிக்கவில்லை. பல வருடங்களின் பின்னர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த முதியவரின் வார்த்தைகள் திடீரென நினைவுக்கு வந்தன. தன்னை மறைத்துக்கொண்டு இணையத்தில் எழுதும் ஒருவரது கணினியை, அதன் மணிக்கூடு சூட்டினால் தடுமாறுவதை வைத்தே அடையாளங் காணலாம் என்றது அக்கட்டுரை. பத்திரிகைக்காரன் ஒருவனைத் தூக்கிவாரிப்போடும் செய்தி அது. அதைச் சொல்வதற்கு முன்னர், அந்தக் கல்லின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மணிக்கூட்டுக்கும் வெப்பத்துக்குமிடையிலான பகை இந்தக் கல்லோடு தொடங்கியதன்று. ஊசல் மணிக்கூட்டின் தண்டு உருக்கினால் ஆனதென்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அத்தண்டு நீள்வது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 11 பங்குதான். ஆயினும் அந்த அற்ப நீட்சியே மணிக்கூட்டை நாளொன்றுக்கு அரை விநாடி பிந்தச் செய்துவிடும். உருக்குச் சுருள்வில்லில் ஓடும் கைக்கடிகாரத்தின் நிலைமை இன்னும் மோசம். சூட்டில் வில்லின் மீள்தன்மை தளர்வதால், ஈடுசெய்யும் உத்தி எதுவும் இல்லையாயின், ஒரு பாகைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 விநாடி பிந்தும். கடலில் நெடுங்கோடு காண்பதற்கான மணிக்கூட்டைச் செய்ய வாழ்நாளைச் செலவிட்ட ஆங்கிலேயத் தச்சர் ஜோன் ஹரிசன், பித்தளையும் உருக்கும் வெவ்வேறளவில் விரிவதைப் பயன்படுத்தி ஒன்றின் பிழையை மற்றொன்றினால் அடித்தார். 1761இல் ஜமெய்க்காவுக்குப் பயணப்பட்ட அவரது நான்காவது மணிக்கூட்டினுள்ளே அத்தகைய ஈருலோகத் தகடு இருந்தது. 1896இல் சார்ள்ஸ் எடுவார்ட் கியோம், வெப்பத்தால் ஏறக்குறைய விரியாத 'இன்வார்' என்ற நிக்கல்-இரும்புக் கலவையைக் கண்டறிந்தார். அதற்காகவும் அதையொத்த கலவைகளுக்காகவும் 1920ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஐன்ஸ்ரைனுக்கு முந்திய வருடம் நோபல் பெற்றவர் ஓர் உலோகக் கலவைக்காகப் பெற்றார் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். மணிக்கூட்டுக்காரர்களுக்கு வியப்பாக இருந்திராது.

இனி அந்தக் கல். அது குவார்ட்ஸ் என்ற படிகம். மணலில் உள்ள அதே சிலிக்காதான், பளிங்காக ஒழுங்குபட்டு வளர்ந்தது. 1880இல் பாரிஸ் நகரில் ஜாக் கியூரியும் அவரது தம்பி பியர் கியூரியும் இத்தகைய படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். (இந்தப் பியர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவரானவர்.) மறுதலையும் உண்மையென அடுத்து நிறுவப்பட்டது. மின்னைக் கொடுத்தால் படிகம் நெளியும். நெளிந்து நெளிந்து அதிரும். தக்கவாறு வெட்டிய படிகத் துண்டொன்று, கோயில் மணியைப்போல, தனக்கேயுரிய ஒரு வேகத்திலேதான் அதிர விரும்பும். அந்த வேகத்தை ஈழத்துப் பாடநூல்கள் 'மீடிறன்' என்கின்றன. தமிழக வாசகர்கள் 'அதிர்வெண்' என்று வாசித்துக்கொள்க.

நாற்பது ஆண்டுகள் இது ஆய்வுக்கூட விந்தையாகவே இருந்தது. முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் முயற்சியில் ஈடுபட்டிருந்த அமெரிக்கப் பேராசிரியர் வோல்ட்டர் கேடி, போர் முடிந்தபின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து ஆராய்ந்து, 1921இல் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு வானொலிச் சுற்றொன்றின் மீடிறனை ஆட்டங்காணாமல் பிடித்துவைக்க முடியுமெனக் காட்டினார். மணிக்கூடாக்கியவர் வேறொருவர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1896இல் பிறந்து, நியூயோர்க்கில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வொரன் மரிசன். சக ஆய்வாளர் ஹோர்ட்டனுடன் சேர்ந்து 1927இல் அவர் உருவாக்கியதே உலகின் முதலாவது குவார்ட்ஸ் மணிக்கூடு. நேரம் பார்ப்பதற்காக அதை அவர்கள் செய்யவில்லை. தொலைபேசிக்கும் வானொலிக்கும் பிசகாத மீடிறன் அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. மணிக்கூடு அதன் உபவிளைவு.

மரிசனின் படிகம் விநாடிக்கு 100,000 தடவை அதிர்ந்தது. அதன் வடிவத்தையும் இருப்பிடத்தையும் பாருங்கள். வளையம்போல், நம் உளுந்து வடையைப்போல், நடுவில் துளையிட்டு வெட்டியிருந்தார். காரணம், குவார்ட்ஸ் எல்லாத் திசையிலும் ஒரே குணமுடையதன்று. மரக்கட்டைக்கு நெடுக்கு வைரமும் குறுக்கு வைரமும் இருப்பதுபோல், படிகத்தின் ஒரு திசையில் அதிர்வு வெப்பத்தால் மந்தமாகும். இன்னொரு திசையில் அதே வெப்பத்தால் விரைவாகும். வளையமாக வெட்டினால் இரண்டும் கலந்து பெரும்பகுதி அழிந்துபோகும். எஞ்சிய பிழைக்கு அவர் செய்த பரிகாரம் எளிமையானது: படிகத்தை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, சூடேற்றும் கம்பியையும் வெப்பமானியையும் இணைத்து, அறைக்குள் கோடையாயினும் பனியாயினும் பெட்டிக்குள் ஒரே வெப்பநிலை நிலவச் செய்தார். கோழிமுட்டைக்கு அடைகாக்கும் பெட்டியைப் போன்றதுதான். ஆனால் ஒரு பாகையின் சிறு பின்னம்கூட மாறலாகாது. இந்தப் பெட்டியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் மறுபடியும் வரும்.

இத்தகைய மணிக்கூடுகள் முதலில் சாதித்த பெரிய காரியம், பூமியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பேர்லினிலிருந்த ஜேர்மனிய அரச பௌதிக-தொழில்நுட்ப நிலையத்தில் அடொல்வ் ஷைபேயும் ஊடோ அடெல்ஸ்பேர்கரும் 1930களில் தங்களது குவார்ட்ஸ் மணிக்கூடுகளை விண்மீன் அவதானிப்புகளோடு ஒப்பிட்டு வந்தனர். ஆண்டின் ஒரு பகுதியில் நாள் சற்று நீள்வதாகவும் மறு பகுதியில் சுருங்குவதாகவும் கண்டனர். வேறுபாடு நாளொன்றில் ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு என்ற அளவைச் சார்ந்தது. பருவத்தோடு மாறும் பிழை என்றதும் ஐயம் முதலில் வெப்பத்தின் மீதுதான் விழும். கோடையில் ஒரு விதமாகவும் குளிர்காலத்தில் இன்னொரு விதமாகவும் மணிக்கூடு ஓடினால், மணிக்கூட்டுக்குத்தான் கோளாறு என்போமேயன்றிப் பூமிக்கு என்று சொல்ல யார் துணிவார்? தனித்தனியே இயங்கும் பல மணிக்கூடுகள், மாறாத வெப்பநிலையில் வைக்கப்பட்டவை, ஒரே கதையைச் சொன்னதுதான் அந்தத் துணிவைக் கொடுத்தது. பூமியின் சுழற்சி பருவக் காற்றுகளாலும் பிறவற்றாலும் உண்மையாகவே மாறுகிறது என்பது இன்று நிலைநாட்டப்பட்ட செய்தி. 1955இல் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் லூயி எசெனும் ஜக் பரியும் சீசியம் அணு மணிக்கூட்டை இயக்கிவிட்டார்கள். 1967இல் விநாடியின் வரைவிலக்கணமே பூமியிடமிருந்து பறிக்கப்பட்டு அணுவிடம் கொடுக்கப்பட்டது. வழக்கைத் தொடுத்தது குவார்ட்ஸ். தீர்ப்பின் பயனை அனுபவித்தது சீசியம்.

பெட்டிக்குள் அடைத்த படிகம் ஆய்வுக்கூடத்துக்குச் சரி. விமானத்திலும் போர்த்தாங்கியிலும் கொண்டு திரிவது எப்படி? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் வருகிறது. படிகத்தை ஒரு கோணத்தில் தகடாக வெட்டினால் சூட்டில் மந்தமாகிறது. வேறொரு கோணத்தில் வெட்டினால் சூட்டில் விரைவாகிறது. அப்படியாயின் இரண்டுக்கும் நடுவே, சூட்டைப் பொருட்படுத்தாத ஒரு கோணம் இருந்தே ஆகவேண்டும் அல்லவா? 1930களின் தொடக்கத்தில் டோக்கியோவில் ஐசாக் கோகா இத்தகைய கோணத்தைக் கண்டார். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லாக், வில்லார்ட், ஃபெயர் ஆகிய மூவரும் 1934இல் 'ஏ-ரி வெட்டு' என்ற பெயரில் தமது கண்டுபிடிப்பை வெளியிட்டனர். படிகத்தின் நெடுக்கு அச்சிலிருந்து ஏறத்தாழ 35 பாகை 15 கலைச் சாய்வில் வெட்ட வேண்டும். அவ்வாறு வெட்டிய தகடு சாதாரண அறை வெப்பநிலையைச் சுற்றிய அகன்ற எல்லைக்குள், பத்து இலட்சத்தில் சில பங்குகளுக்கு மேல் பிசகாது. கோணம் சில கலைகள் தவறினாலே குணம் மாறிவிடும். ஆகவே வெட்டுமுன் எக்ஸ் கதிரைக் கொண்டு படிகத்தின் திசையை அளந்தார்கள். கல்லுக்கு ஒன்றும் செய்யவில்லை. எதையும் சேர்க்கவுமில்லை. கத்தி வைக்கும் திசையை மட்டும் மாற்றினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இது போர்த் தளவாடமாயிற்று. பாலைவனத்திலும் பனிப்பிரதேசத்திலும் ஒரே அலைவரிசையில் நிற்கவேண்டிய வானொலிக் கருவிகளுக்காக அமெரிக்கா கோடிக்கணக்கில் படிகத் தகடுகளை உற்பத்தி செய்தது. தரமான இயற்கைக் குவார்ட்ஸ் பெரும்பாலும் பிரேசிலிலிருந்தே வரவேண்டியிருந்தது. அந்தத் தங்கியிருத்தலின் கசப்பினால்தான் போருக்குப் பின்னர் செயற்கைக் குவார்ட்ஸை வளர்க்கும் தொழில் தோன்றியது. இன்று நம் கையிலும் சுவரிலும் உள்ளவை யாவும் அத்தகைய வளர்ப்புப் படிகங்களே.

கையில் கட்டுவதற்கு வந்த கதை பலருக்குத் தெரிந்தது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25ஆம் திகதி 'அஸ்ட்ரோன்' என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 450,000 யென். அக்காலத்தில் ஒரு டொயோட்டா கொரோலா மோட்டார் வாகனத்தின் விலைக்கு ஒப்பானது. மாதத்துக்கு 5 விநாடிக்குள் பிழை. அதே காலத்தில் அதே கண்டுபிடிப்பை வைத்திருந்த சுவிற்சர்லாந்தின் தொழில், 1970களிலும் 1980களிலும் பல்லாயிரக்கணக்கானோர் வேலையிழக்கும் நிலைக்குப் போனது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் குவார்ட்ஸ் மணிக்கூடு நடைபாதைக் கடைச் சரக்காகிவிட்டது.

அந்த மலிவுக்குக் கொடுத்த விலையொன்று உண்டு. வெப்பத்தைப் பொருட்படுத்தாத ஏ-ரி வெட்டு மிக வேகமாக அதிர்வது. வேகமாக அதிர்ந்தால் பற்றறியை விரைவில் குடித்துவிடும். கைக்கடிகாரத்துக்கு மெதுவாக அதிரும் படிகம் வேண்டும். ஆகவே இசைக்கவை வடிவில், இரு கால்களுடைய கவண்கிளையைப்போல், சின்னஞ்சிறு படிகத்தை வெட்டினார்கள். ஜூர்கன் ஷ்டவுட்டே என்பவர் அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில், மின்னணுச் சில்லுகளை அச்சிடுவதுபோல் ஒரே தகட்டில் பல கவைகளை ஒளியாலும் இரசாயனத்தாலும் செதுக்கும் முறையை உண்டாக்கினார். அந்தக் கவை விநாடிக்கு 32,768 தடவை அதிரும். 2ஐ 15 தடவை பெருக்கினால் வரும் எண் இது. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒன்று என்றாகிவிடும்.

இந்தக் கவைக்கு வெப்பம் ஆகாது. முதியவர் சொன்னது இதைத்தான். 25 பாகை செல்சியஸில் அது தன் உச்ச வேகத்தில் அதிர்கிறது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மந்தமாகும். எவ்வளவு மந்தமாகும் என்பதற்கு எளிய கணக்கொன்று உண்டு. 25இலிருந்து எத்தனை பாகை விலகியதோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 0.034ஆல் பெருக்குக. பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு பிந்துகிறது என்பது விடை. கொழும்பில் 28 பாகையில் இது பொருட்படுத்தத்தக்கதன்று. நுவரெலியாவின் 15 பாகைக் குளிரில் 3.4 பங்கு, அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 9 விநாடி. யாழ்ப்பாணத்து 35 பாகை வெயிலிலும் அதே 9 விநாடிதான். குளிருக்கும் வெக்கைக்கும் வேறுபாடு தெரியாத கல் அது. தெரிந்ததெல்லாம் சௌகரியமான இடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறோம் என்பது மட்டுமே. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் சிலருக்கு இந்தக் குணம் பரிச்சயமாக இருக்கலாம்.

எங்கள் வாகனத்தின் கணக்கும் இப்போது சரிவருகிறது. மூடிய வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே 60 பாகை என்று கொண்டால் பத்து இலட்சத்தில் 41 பங்குக்கு மேல். தினமும் ஆறு மணித்தியாலம் அப்படிக் காய்ந்தால் நாளுக்கு 0.9 விநாடி, மாதத்துக்கு 27 விநாடி. பழைய பத்திரிகையை மடித்துப் போட்ட சாரதி, தானறியாமலே மரிசனின் வழியில் நின்றிருக்கிறார்.

கைக்கடிகாரத்துக்கு இந்தக் கவை போதுமானதாக அமைந்ததற்குக் காரணம் மனித உடல்தான். தோலின் இளஞ்சூடும் வெளிக்காற்றும் கலந்து, கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பெரும்பாலும் அந்த 25 பாகைக்கு அண்மையிலேயே வைத்திருக்கின்றன. ஒன்ராறியோவில் பனிக்காலத்தில் வெளியே போனாலும் சட்டைக் கைக்குள் கடிகாரம் கதகதப்பாகவே இருக்கும். மரிசன் கம்பி சுற்றிச் செய்த பெட்டிக்குப் பதிலாக நாமே பெட்டியாகிவிட்டோம். கழற்றி யன்னலோரம் வைத்துவிட்டால்தான் பிழை தலைகாட்டும்.

பிழை பெரிதென்று முறைப்படவும் நமக்கு அதிக உரிமையில்லை. 1996 மே மாதத்தில் இலங்கை அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்ப எடுத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடிக்கொண்டிருந்தது. ஓமந்தையைக் கடக்கும்போது முட்களைத் திருப்பியவர்களுக்கு மாதத்துக்கு 9 விநாடி ஒரு பொருட்டா? அதற்கும் முன்னர், 1990களின் முற்பகுதியில், வடக்கின் மீதான பொருளாதாரத் தடையில் பற்றறியும் அடங்கியிருந்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, அதன் டைனமோவில் வானொலி கேட்ட காலம். வீட்டுக்கு வீடு குவார்ட்ஸ் மணிக்கூடுகள் செத்துக் கிடந்தன. பரணிலிருந்து இறக்கப்பட்ட சாவி கொடுக்கும் மணிக்கூடுகள் நாளுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் ஓடின.

வெளியுலகம் துல்லியத்தைத் துரத்திக்கொண்டிருந்தது. 1975இல் சிற்றிசன் நிறுவனம் பற்றறிச் செலவைப் பொருட்படுத்தாமல் வேகமான ஏ-ரி வெட்டையே கைக்கடிகாரத்தில் வைத்து, வருடத்துக்கு 3 விநாடி என்றது. 1978இல் சீக்கோ, ஒரே கடிகாரத்தினுள் இரண்டு படிகங்களை வைத்து, ஒன்றைக் கொண்டு மற்றதன் வெப்பப் பிழையைத் திருத்தியது. 2019இல் சிற்றிசன் வருடத்துக்கு 1 விநாடி என்ற எல்லையைத் தொட்டது. அதுவும் ஏ-ரி வெட்டே. இன்று ஆர்வமுள்ள மாணவர்கள் வாங்கிப் பொருத்தும் டிஎஸ்3231 என்ற சிறு சில்லு, 64 விநாடிக்கொருமுறை தன் வெப்பநிலையைத் தானே அளந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 பாகை வரை பத்து இலட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கும். வருடத்துக்கு ஒரு நிமிடம்.

ஆனால் உலகிலுள்ள கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது திருத்தமெதுவுமில்லாத மலிவான படிகந்தான். அதன் பிழையை நாம் காண்பதில்லை. இணையத்தினூடாக வேறு மணிக்கூடுகளைக் கேட்டுக் கணினி தன் நேரத்தை அடிக்கடி சரிசெய்துகொள்கிறது. முகப்பில் தெரியும் நேரம் எப்போதும் சரி. உள்ளே கல் தன்பாட்டில் முந்தியும் பிந்தியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை உற்றுக் கேட்பவர்களுக்குக் கேட்கும்.

2005இல் தடயோஷி கோனோ, அந்திரே புரொய்டோ, கே.சி. கிளாஃபி ஆகிய மூவரும் அவ்வாறு உற்றுக் கேட்டார்கள். கணினி அனுப்பும் தரவுப் பொதிகள் பலவற்றில் அதன் உள்மணிக்கூட்டின் நேரக்குறி பதிந்திருக்கும். தொடர்ந்து அவற்றைச் சேகரித்தால் அந்த மணிக்கூடு எவ்வளவு வேகமாகவோ மந்தமாகவோ ஓடுகிறது என்று கணக்கிடலாம். இரண்டு கணினிகளின் படிகங்கள் அச்சொட்டாக ஒத்துப்போவது அரிது. ஆகவே அது கைவிரல் அடையாளத்தைப் போன்றது. முகப்பு நேரத்தைத் திருத்திக்கொண்டாலும் அடியில் ஓடும் நேரக்குறி பல கணினிகளில் திருத்தப்படாமலே வெளியே வந்தது.

அடுத்த வருடம் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் மர்டொக் வெப்பத்தைச் சேர்த்தார். டோர் என்ற வலையமைப்பைப் பற்றி வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். செய்தி அனுப்புபவரின் இருப்பிடம் தெரியாதவாறு பல கைகள் மாற்றிக் கொண்டுசெல்வது. அதற்குள் ஓர் இணையத்தளத்தையே இருப்பிடம் தெரியாமல் நடத்தலாம். மர்டொக் கேட்ட கேள்வி இது: மறைந்திருக்கும் அந்தத் தளத்துக்கு நான் ஏராளமான வேண்டுகோள்களை அனுப்பினால் அதன் கணினி கடுமையாக வேலை செய்யும். வேலை செய்தால் சூடாகும். சூடானால் அதன் படிகத்தின் வேகம் மாறும். நான் அனுப்புவதை நிறுத்தினால் ஆறும். அவ்வேளையில், சந்தேகத்துக்குரிய கணினிகள் ஒவ்வொன்றின் நேரக்குறியையும் வெளிப்படையான வழியில் அவதானித்துக்கொண்டிருந்தால், என் தாளத்துக்கேற்பச் சூடாகி ஆறும் கணினி எதுவென்று தெரிந்துவிடாதா?

பரிசோதித்துப் பார்த்தார். தெரிந்தது. கணினிப் பெட்டிக்குள் ஓரிரு பாகை மாற்றமே போதுமாயிருந்தது. மாட்டை அடித்து ஓட்டிவிட்டு மூச்சு வாங்குவதைக் கொண்டு எது தன் மாடென்று கண்டுபிடிப்பதைப் போன்ற தந்திரம். சங்கேத மொழியை எவரும் உடைக்கவில்லை. கடவுச்சொல்லைத் திருடவில்லை. மேலும் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். அறையின் வெப்பம் பகலில் ஏறி இரவில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மணிக்கூட்டில் பதிவதால், உச்சம் எந்நேரத்தில் வருகிறதென்பதைக் கொண்டு அக்கணினி உலகின் எந்த நெடுங்கோட்டில் உள்ளது என்றுகூட ஊகிக்க இடமுண்டு. ஹரிசன் நெடுங்கோட்டைக் காண்பதற்காக வெப்பத்தோடு போராடினார். இங்கே வெப்பமே நெடுங்கோட்டைச் சொல்கிறது.

இது ஆய்வுக்கூடப் பரிசோதனை. மறைப்பு வலையமைப்புகளை வடிவமைப்பவர்களுக்கு எச்சரிக்கையாக எழுதப்பட்டது. ஆயினும் அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. நினைவுக்கு வந்தது ஒரு தட்டச்சுப் பொறி.

1990களில் எங்கள் ஆசிரியபீடத்துக்கு அவ்வப்போது பெயரில்லாத கடிதங்கள் வரும். அரசாங்க அலுவலகமொன்றினுள்ளிருந்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் தந்த தகவல்கள் ஒருபோதும் பிழைத்ததில்லை. அவர் யாரென்று நாம் தேடவுமில்லை. ஆனால் அவருடைய தட்டச்சுப் பொறியில் 'ற' எழுத்து எப்போதும் மயிரிழையளவு மேலேறி நிற்கும். இதை முதலில் கவனித்தவர் எங்களது மூத்த உதவி ஆசிரியர். கடிதம் வந்ததும் அவரே அதைத் தன் கையால் பிரதிபண்ணி அச்சுக்கோப்பவரிடம் கொடுப்பார். மூலத்தைத் தேநீர்க் கோப்பைத் தட்டில் வைத்து எரிப்பார். அச்சுக்கூடத்தில் எவருடைய கண்ணிலும் அந்த 'ற' படலாகாது. "எழுதினவன் பேரை மறைச்சிட்டான், மெஷினுக்குப் பேரை மறைக்கத் தெரியாது" என்பார். அக்காலத்தில் இத்தகைய ஒரு தவறின் விலை என்னவாக இருந்திருக்கும் என்பதை இலங்கை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சில மாதங்களின் பின் கடிதங்கள் நின்றுபோயின. இடமாற்றமோ, ஓய்வோ, வேறெதுவோ. 'ற' எங்களால் வெளியே போகவில்லை என்பது மட்டும் உறுதி.

மேலேறிய அந்த 'ற' தேய்ந்த இரும்பின் குறை. தன் வெப்பத்தை நேரமாக எழுதிக்காட்டும் படிகம் குறையற்றது. அதன் இயல்பே அது. முன்னதைக் கண்ணால் கண்டு எரிக்க முடிந்தது. பின்னதைக் காண்பதற்கே எங்களுக்கு ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் தேவைப்பட்டார்.

மர்டொக் தம் கட்டுரையில் பரிகாரங்களையும் ஆராய்ந்திருந்தார். கணினியை எந்நேரமும் முழு வேலையில் வைத்திருந்தால் சூடு மாறாது, எனவே வேறுபாடு தெரியாது என்பது ஒன்று. மின்கட்டணத்தை நினைத்தால் நம்மவர்க்குக் கட்டுப்படியாகாது. மற்றொன்று, மணிக்கூட்டுப் படிகத்தை வெளிவெப்பம் தாக்காதவாறு சூடேற்றிய சிறு பெட்டியினுள் அடைத்துவைப்பது. 1927இல் நியூயோர்க்கில் மரிசன் செய்த அதே பெட்டி.

எனக்குத் தெரிந்த கணினித் தொழில்நுட்பவியலாளர் ஒருவரிடம் இதைப்பற்றிக் கேட்டேன். அத்தகைய பெட்டியோடு கூடிய படிகங்கள் தொலைத்தொடர்புக் கருவிகளுக்காக இன்றும் தயாராகின்றன, வாங்கலாம், ஆனால் சாதாரணக் கணினியில் பொருத்தித் தருவார் எவருமில்லை என்றார். பிறகு, "ஐயா, உங்களுக்கு யார் இப்படிக் கடிதம் எழுதுகினம்?" என்று கேட்டுச் சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை. பழக்கதோஷம்.